ராணுவத்தில் இருப்பவருக்கு எந்த மாநிலத்தில் வரி? நியூ ஜெர்சி பிடித்தம், வர்ஜீனியா மாற்றல், ஓய்வுக்குப் பின் வீடு

கடலூர்க்காரன் · 7 பிப்ரவரி 2026

எல்லோருக்கும் வணக்கம். 2015இல், குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காகச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தேன். தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்த காலம் அது. அடுத்த ஆண்டே திட்டத்துக்குப் பூட்டு போட்டுவிட்டார்கள். நியூ ஜெர்சியில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தபோது கையெழுத்திட்டதால், சேரும்போது கொடுத்த முகவரி எடிசன். இப்போது குடியுரிமை வாங்கிவிட்டேன், ஸ்டாஃப் சார்ஜண்ட். வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா பக்கம் லூயிஸ்-மெக்கார்ட் தளத்தில் இருக்கிறேன். 2021இல் கல்யாணம் ஆனதிலிருந்து தளத்துக்கு வெளியே வாடகை அபார்ட்மெண்டில்தான் குடித்தனம்.

ஜூலையில் வர்ஜீனியாவுக்கு, ஃபோர்ட் பெல்வாருக்கு, மாற்றல் ஆர்டர் வந்திருக்கிறது. மனைவி கல்யாணத்துக்கு முன் டாலஸில் இருந்தவர். கிரீன் கார்டு. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, வீட்டிலிருந்தே.

என் கேள்விகள்:

என் சம்பளச் சீட்டில் மாதாமாதம் நியூ ஜெர்சி மாநில வரி பிடிக்கிறார்கள். அந்தப் பக்கம் போய் வருடக்கணக்காகிறது. இது சரிதானா?

வர்ஜீனியா போனதும் மனைவியின் சம்பளத்துக்கு அங்கே வரி கட்ட வேண்டுமா?

2035இல் இருபது வருடம் முடியும். வெளியே வந்தால் எந்த மாநிலத்தில் வீடு வாங்குவது லாபம்? கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸ், ஃப்ளோரிடா என்றே சொல்கிறார்கள்.

எச்1பி ஏகாம்பரம் · 7 பிப்ரவரி 2026

கேள்விக்குப் பதில் தெரியாது, மன்னிக்கவும். ஒரு சந்தேகம் மட்டும். நாங்கள் மாநிலம் மாறினால் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று இரண்டு கணக்குத் தாக்கல் செய்கிறோம். உங்களுக்கு மட்டும் ஏன் தனி விதி?

வரிக்குதிரை · 7 பிப்ரவரி 2026

கடலூர்த் தம்பி, நான் ராணுவத்தில் இருந்தவனில்லை. வரி சீசனில் ஒரு தளத்துக்குப் பக்கத்தில் இலவசமாகக் கணக்கு போட்டுக் கொடுக்கும் தொண்டர் குழுவில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் முதல் கேள்வி எங்கள் மேஜைக்கு வாரத்துக்கு ஒருமுறை வரும்.

முதலில் அடிப்படை. ராணுவச் சம்பளத்துக்கு வரி போடும் உரிமை உங்கள் டொமிசைல் மாநிலத்துக்கு, அதாவது சட்டப்படி உங்கள் நிரந்தர ஊர் இருக்கும் மாநிலத்துக்கு, மட்டும்தான் உண்டு. ஆர்டரில் எங்கே அனுப்பினாலும், போன இடத்து மாநிலம் அந்தச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. படைவீரர் சிவில் நிவாரணச் சட்டம் 2003இல் இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. உங்கள் மனைவியின் சம்பளத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று கணக்கிடும்போதுகூட, உங்கள் ராணுவச் சம்பளத்தைச் சேர்த்து விகிதத்தை ஏற்றக் கூடாது.

அதனால் நியூ ஜெர்சி பிடித்தம் செய்வது சட்டப்படி தவறில்லை. அந்த மாநிலத்தை மாற்றச் சொல்லி நீங்கள் காகிதம் கொடுக்கவில்லை, அவர்களும் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் நியூ ஜெர்சியிலேயே ஒரு வாசல் இருக்கிறது. மூன்று நிபந்தனை: அந்த மாநிலத்தில் உங்களுக்கு நிலையான வீடு இருக்கக் கூடாது, வெளி மாநிலத்தில் நிலையான வீடு இருக்க வேண்டும், வருடத்தில் 30 நாளுக்கு மேல் நியூ ஜெர்சியில் இருந்திருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் டொமிசைல் அங்கேயே இருந்தாலும் வரிக்கு நீங்கள் அந்த மாநிலத்துக்காரர் இல்லை.

பலர் தடுக்கி விழுவது இரண்டாவது நிபந்தனையில். பாரக்ஸில், அதாவது தளத்துச் சிப்பாய் விடுதியில், கட்டில் போட்டுப் படுத்திருந்தால் அது நிலையான வீடாகாது. வெளியே அபார்ட்மெண்ட் எடுத்துக் கையிலிருந்து வாடகை கொடுத்தாலோ, வீட்டு வாடகைப்படியை விட்டுக்கொடுத்துத் தளத்துக் குடும்பக் குடியிருப்பில் இருந்தாலோ ஆகும். அதனால் உங்கள் பாரக்ஸ் வருடங்கள் போனது போனதுதான். 2021இல் அபார்ட்மெண்டுக்கு வந்த பிறகு கதை வேறு.

டிடி 2058-1 என்று ஒரு படிவம் இருக்கிறது. அதை நிதிப் பிரிவில் கொடுத்தால் பிடித்தம் நிற்கும். ஏற்கெனவே கட்டியதைத் திரும்பக் கேட்க, தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம். 2022ஆம் ஆண்டுக்கு நீங்கள் 2023 ஏப்ரலில் தாக்கல் செய்திருப்பீர்கள். அப்படியென்றால் இந்த ஏப்ரலோடு அந்தக் கதவு மூடிவிடும். இந்த இழையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, முதலில் அந்த வேலையைப் பாருங்கள்.

கடலூர்க்காரன் · 7 பிப்ரவரி 2026

அண்ணா, தலை சுற்றுகிறது. எடிசனில் மாமா வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் லீவில் போனால் பத்து நாள்தான் தங்குவோம். மூன்று நிபந்தனையும் பொருந்துகிறது. பத்து வருடத்தில் யாருமே இதைச் சொல்லவில்லையே!

கப்பல்காரர் மனைவி · 8 பிப்ரவரி 2026

யாரும் சொல்ல மாட்டார்கள் தம்பி. சலுகை எதுவும் தானாக வீடு தேடி வராது, நாம்தான் காகிதத்தோடு போய் நிற்க வேண்டும்.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் கடற்படையில் இருக்கிறார், நாங்கள் வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் ரோட்ஸ் பக்கம். இந்தப் பஞ்சாயத்தை மூன்று சட்டத்தின் கீழும் பார்த்துவிட்டேன். 2009 வரை கணவர் சம்பளத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு, மனைவி வேலைக்குப் போனால் இருக்கும் மாநிலம் வரி வாங்கிவிடும். 2009இல் வந்த சட்டம், இருவருக்கும் ஏற்கெனவே ஒரே டொமிசைல் இருந்தால் மனைவிக்கும் விலக்கு என்றது. கணவர் ஃப்ளோரிடா, மனைவி ஒஹாயோ என்றால் ஒன்றும் கிடையாது. 2018இல், மனைவி கணவரின் டொமிசைலையே தேர்ந்தெடுக்கலாம், அந்த ஊரில் கால் வைத்திருக்கக்கூட வேண்டாம் என்றார்கள். 2023 ஜனவரி 5ஆம் தேதி கையெழுத்தான சட்டம்தான் பெரிய விஷயம். இப்போது இருவருமே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: கணவரின் டொமிசைல், மனைவியின் டொமிசைல், அல்லது பணியிட மாநிலம். கல்யாணம் எப்போது நடந்தது, எங்கே நடந்தது என்றெல்லாம் கேட்கக் கூடாது.

அதாவது உங்கள் மனைவியின் டொமிசைல் இன்னும் டெக்சாஸ் என்றால் நீங்கள் இருவரும் வரிக்கு டெக்சாஸைத் தேர்ந்தெடுக்கலாம். அவர் வாஷிங்டன் வந்ததும் லைசென்ஸ் மாற்றி, இதுதான் இனி நம் ஊர் என்று இருந்துவிட்டார் என்றால் அவருடைய டொமிசைல் வாஷிங்டன். அங்கும் சம்பளத்துக்கு வரி இல்லை. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

வரிக்குதிரை · 8 பிப்ரவரி 2026

அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். அந்தப் புதுச் சட்டம் 2023 வரி ஆண்டிலிருந்துதான் செல்லும். ஆக, 2023, 2024, 2025க்கு நீங்கள் பணியிட மாநிலம் என்று வாஷிங்டனைக் காட்டலாம். 2022க்கு மட்டும் நியூ ஜெர்சியின் அந்த மூன்று நிபந்தனை வழிதான். இரண்டு வழியிலும் போய்ச் சேரும் இடம் ஒன்றே.

பனைமரம் · 8 பிப்ரவரி 2026

இதற்கு இவ்வளவு சட்டம் எதற்கு? எங்கள் யூனிட்டில் பாதிப் பேர் ஃப்ளோரிடாக்காரர்கள். ஃப்ளோரிடாவில் ஒரு தபால் பெட்டி முகவரி, நிதிப் பிரிவில் டிடி 2058 படிவம், வேலை முடிந்தது. சிலர் வாழ்க்கையில் ஃப்ளோரிடாவுக்கு டிஸ்னி பார்க்க மட்டும் போனவர்கள்.

வரிக்குதிரை · 8 பிப்ரவரி 2026

பனைமரம், அந்தப் படிவத்தின் அடியில் கையெழுத்து போடும் இடத்துக்கு மேலே இருப்பதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். டொமிசைல் மாற இரண்டு விஷயம் வேண்டும்: அந்த மாநிலத்தில் நேரில் வசித்திருக்க வேண்டும், அதை நிரந்தர வீடாக்கிக்கொள்ளும் எண்ணம் இருக்க வேண்டும். எண்ணத்தை யாரும் பிளந்து பார்க்க முடியாது என்பதால் லைசென்ஸ், வண்டிப் பதிவு, வாக்காளர் பதிவு, உயில், வீடு என்று தடயங்களைப் பார்ப்பார்கள். ஃப்ளோரிடா என்று படிவம் கொடுத்துவிட்டு நியூ ஜெர்சி லைசென்ஸ், நியூ ஜெர்சி வாக்குரிமை, நியூ ஜெர்சி நம்பர் பிளேட்டோடு சுற்றுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய மாநிலம் கடிதம் போடும் நாள் வரை எல்லாம் சுமுகமாகத்தான் இருக்கும். அன்றைக்கு வட்டியும் அபராதமும் சேர்த்து வரும்.

துணைவருக்கு மட்டும்தான், துணைவர் வழியாக மட்டும்தான், கால் வைக்காத மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி. தனியாள் சிப்பாய்க்கு அது கிடையாது.

கடலூர்த் தம்பிக்கு இன்னொன்று, முக்கியமானது. டொமிசைல் மாற்றும் பட்டியல்களில் எல்லாம் வாக்காளராகப் பதிவு செய் என்று இருக்கும். நீங்கள் குடிமகன், செய்யலாம். உங்கள் மனைவி கிரீன் கார்டு. லைசென்ஸ் அலுவலகத்தில் படிவத்தோடு படிவமாக நீட்டினாலும் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட வேண்டாம். குடியுரிமை இல்லாதவர் வாக்காளராகப் பதிந்தால் நாடுகடத்தும் அளவுக்குப் போகும். அமெரிக்கர்களுக்காக எழுதிய வழிகாட்டிகளில் இந்த எச்சரிக்கை இருப்பதில்லை.

கடலூர்க்காரன் · 8 பிப்ரவரி 2026

நல்லவேளை சொன்னீர்கள். அவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

வரிக்குதிரை · 9 பிப்ரவரி 2026

ஏகாம்பரம் சார் கேட்டதற்குப் பதில் சொல்ல மறந்து போனோம். ஏன் தனி விதி? நீங்கள் மாநிலம் மாறுவது உங்கள் விருப்பம், அல்லது உங்கள் கம்பெனியின் விருப்பம். பிடிக்கவில்லையென்றால் வேலையை விடலாம். சிப்பாய் ஆர்டரை மறுத்தால் சிறை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலட்சக்கணக்கான பேரை முகாம் முகாமாக நகர்த்தியபோது, போன இடமெல்லாம் வரி கேட்டால் என்ன ஆகும் என்றுதான் 1940ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1942இல் வரிப் பிரிவைச் சேர்த்தார்கள்.

இதில் ஒரு பழைய வழக்கு எனக்குப் பிடிக்கும். லூசியானாவைச் சேர்ந்த விமானப்படை அதிகாரி ஒருவர் டென்வரில் வேலை பார்த்தார். வாடகை அபார்ட்மெண்டில் இருந்த அவருடைய மேஜை, நாற்காலி, வீட்டுச் சாமான்களுக்கு டென்வர் நகரம் வரி போட்டது. எவ்வளவு? 23 டாலர் 51 சென்ட். மனுஷன் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1953இல் அவர் பக்கம் தீர்ப்பு. லூசியானா அந்தச் சாமான்களுக்கு வரி போடுகிறதா இல்லையா என்பதே பொருட்டில்லை, டென்வருக்கு அந்த அதிகாரம் கிடையாது என்றார்கள். எங்கும் வரி கட்டாமல் இருப்பது ஏமாற்று இல்லையா என்று இன்று கேட்பவர்களுக்கும் அந்தத் தீர்ப்புதான் பதில்.

எச்1பி ஏகாம்பரம் · 9 பிப்ரவரி 2026

நியாயம்தான். 23 டாலருக்கு உச்ச நீதிமன்றம்! நம் ஊர் வரப்புத் தகராறே பரவாயில்லை.

கப்பல்காரர் மனைவி · 9 பிப்ரவரி 2026

அந்தச் சாமான் வரி இன்றைக்கும் வேறு ரூபத்தில் இருக்கிறது. வர்ஜீனியா வந்தால் வண்டிக்கு வருடா வருடம் சொத்து வரி உண்டு, கவுண்டிக்குக் கவுண்டி விகிதம் மாறும். புது ஹைலாண்டர் மாதிரி வண்டி என்றால் நெஞ்சு வலிக்கும் தொகை. டொமிசைல் வெளி மாநிலம் என்றால் ராணுவத்தினருக்கு அதில் விலக்கு. மனைவியும் அதே டொமிசைலைப் பின்பற்றினால் இருவர் பெயரில் உள்ள வண்டிக்கும் உண்டு. சம்பளச் சீட்டின் நகலோடு கவுண்டி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சீட்டில் மாநிலம் என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது என்று அவர்கள் முதலில் பார்ப்பார்கள். அதனால் கிளம்புவதற்கு முன்பே அந்தக் கட்டத்தைச் சரி செய்துகொள்ளுங்கள்.

சான் டியேகோ செல்வம் · 10 பிப்ரவரி 2026

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. நான் கடற்படையில் 24 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், கலிஃபோர்னியாவில்தான் இருக்கிறேன். ராணுவப் பென்ஷனுக்கு முழு வரி போட்டு வந்த மாநிலம் இது. சுற்றி எல்லா மாநிலமும் ஒவ்வொன்றாக விலக்கு கொடுத்தபோதும் சாக்ரமெண்டோவில் உள்ள மாநில அரசு அசையவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்கள் நெவாடாவுக்கும் அரிசோனாவுக்கும் போய்விட்டார்கள். அரிசோனா 2021இலிருந்தே பென்ஷனுக்கு முழு விலக்கு.

கடைசியில் போன வருட பட்ஜெட்டோடு சேர்த்து ஒரு விலக்கு கொண்டுவந்தார்கள். 2025 வரி ஆண்டு முதல் 2029 வரை, ராணுவப் பென்ஷனில் 20,000 டாலர் வரை வரி இல்லை. ஆனால் மொத்த வருமானம் தனியாளுக்கு 125,000, தம்பதிக்கு 250,000 டாலரைத் தாண்டினால் அதுவும் கிடையாது. சான் டியேகோவில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் அந்த வரம்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று இங்கே வீட்டு விலை தெரிந்தவர்களுக்குப் புரியும். அதோடு ஐந்து வருடக் கெடு வேறு. கொடுப்பதைக் கொஞ்சம் மனமாரக் கொடுத்தால் என்ன?

சான் ஆண்டோனியோ தாத்தா · 10 பிப்ரவரி 2026

செல்வம், டெக்சாஸுக்கு வந்துவிடு என்று எத்தனை தடவை சொல்வது!

தம்பி கடலூர், நான் விமானப்படையில் இருந்து 2010இல் வெளியே வந்தேன். விஏ ரேட்டிங் 100, அதாவது முன்னாள் வீரர் துறை (விஏ) என் ஊனத்துக்குப் போட்ட விழுக்காடு. டெக்சாஸில் 100 விழுக்காடு ரேட்டிங் உள்ளவரின் சொந்த வீட்டுக்குச் சொத்து வரி அறவே இல்லை. 2009இல் வந்த சட்டம். வீட்டு மதிப்பு எவ்வளவு ஏறினாலும் எனக்கு வரும் பில்லில் பூஜ்யம்தான். பள்ளி, கவுண்டி, நகராட்சி, ஆஸ்பத்திரி மாவட்டம் என்று வரிசையாக எழுதி எதிரே பூஜ்யம் போட்டிருப்பார்கள். நான் போய்ச் சேர்ந்த பிறகும், மறுமணம் செய்துகொள்ளாமல் அதே வீட்டில் இருக்கும் வரை என் வீட்டம்மாவுக்கும் அது தொடரும். வருமான வரியும் இல்லை. இதைவிட வேறு என்ன வேண்டும்?

இன்னொரு விஷயம், விஏ ரேட்டிங் பின்தேதி போட்டு வந்தால் கவலை வேண்டாம். இந்த விலக்குக்குத் தாமதமாக விண்ணப்பிக்க ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு, கட்டிய வரியைத் திருப்பித் தருவார்கள்.

வரிக்குதிரை · 10 பிப்ரவரி 2026

தாத்தா சொல்வது அவருக்குச் சத்தியம். ஆனால் 100 என்ற அந்த எண்தான் எல்லாம். டெக்சாஸில் 70 முதல் 90 வரை ரேட்டிங் இருந்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? வீட்டின் மதிப்பில் 12,000 டாலர் கழிவு. வரியில் அல்ல, மதிப்பில். விகிதம் 2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 240 டாலர் மிச்சம். 10 முதல் 29 வரை என்றால் 5,000 டாலர் கழிவு, அதாவது 100 டாலர். நான்கு லட்சம் டாலர் வீட்டில் 90 விழுக்காட்டுக்காரரும் அவருடைய பக்கத்து வீட்டுச் சாதாரணரும் கட்டுவது ஏறக்குறைய ஒரே தொகை. 100 ஆனால் பூஜ்யம். நடுவில் படிக்கட்டே இல்லை, நேராகப் பாதாளம்தான். வேலைக்குப் போக முடியாத நிலை என்று விஏ 100க்கான தொகையைத் தருபவர்களும் 100 கணக்கில் வருவார்கள் என்பது மட்டும் ஆறுதல்.

இல்லினாயில் பாருங்கள், 70 விழுக்காட்டிலிருந்தே வீட்டுக்கு வரி இல்லை, மதிப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வர்ஜீனியாவில் நிரந்தரமான 100 விழுக்காடு என்றால்தான். 2010 தேர்தலில் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள், 2011 முதல் நடப்பில் இருக்கிறது. நியூ ஜெர்சியிலும் 100க்கு முழு விலக்கு. மற்ற முன்னாள் வீரர்களுக்கு வருடத்துக்கு 250 டாலர் தள்ளுபடி. அந்த மாநிலத்தில் சராசரி வீட்டு வரி 10,000 டாலரைத் தாண்டிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 250 எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும்.

2035இல் என்ன ரேட்டிங் கிடைக்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. உடம்பு நன்றாக இருந்து ரேட்டிங் குறைவாக வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்ள வேண்டும். அதை நம்பி மாநிலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சான் ஆண்டோனியோ தாத்தா · 10 பிப்ரவரி 2026

அதை மறுக்கவில்லை. எங்கள் சர்ச்சில் 80 விழுக்காட்டுக்காரர் ஒருவர் வருடா வருடம் மதிப்பீட்டை எதிர்த்து மனு போட்டுக்கொண்டே இருக்கிறார், பாவம்.

சான் டியேகோ செல்வம் · 11 பிப்ரவரி 2026

வரிக்குதிரை சார், எனக்கு ஒரு கேள்வி. நான் இப்போது நெவாடா போய்விட்டால், பென்ஷன் கலிஃபோர்னியாவில் சம்பாதித்தது என்று சொல்லிப் பின்னாலேயே வருவார்களா? பழைய ஆட்கள் அப்படித்தான் பயமுறுத்துகிறார்கள்.

வரிக்குதிரை · 11 பிப்ரவரி 2026

வந்தார்கள், ஒரு காலத்தில். கலிஃபோர்னியா அதில் முன்னணி. 1996இல் மத்திய அரசு தடுத்துவிட்டது. மாநிலத்தைவிட்டு நிஜமாகவே போனவரின் பென்ஷனில் பழைய மாநிலம் வரி கேட்க முடியாது. நிஜமாகவே போக வேண்டும், அவ்வளவுதான். வேலையில் இருக்கும்போது இருந்த நிவாரணச் சட்டப் பாதுகாப்பு ஓய்வு பெற்ற அன்றே முடிந்துவிடும். அப்புறம் நீங்களும் ஏகாம்பரம் சாரும் ஒன்றுதான், எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே வரி. ஃப்ளோரிடா லைசென்ஸை வைத்துக்கொண்டு வர்ஜீனியாவில் வீடு வாங்கிக் குடியிருக்கும் ஓய்வு பெற்றவர்கள் மாட்டுவது இங்கேதான்.

பென்ஷன் விலக்குகள் எங்கிருந்து வந்தன என்பதும் சுவாரசியம். பல மாநிலங்கள் தங்கள் மாநில ஊழியர் பென்ஷனுக்கு மட்டும் விலக்கு கொடுத்து, மத்திய அரசுப் பென்ஷனுக்கு வரி போட்டன. 1989இல் மிச்சிகன் வழக்கில் அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கான்சாஸ் மட்டும் ராணுவப் பென்ஷன் வேறு ரகம் என்று வாதாடிப் பார்த்தது. 1992இல் அதுவும் தோற்றது. வட கரோலினாவில் 1989 ஆகஸ்ட் 12க்கு முன் ஐந்து வருடப் பணி முடித்தவர்களுக்கு மட்டும் வரி இல்லை என்று ஒரு விசித்திரமான தேதி நெடுங்காலம் நடப்பில் இருந்தது. அந்தச் சண்டையின் எச்சம்தான் அது. 2021 முதல் இருபது வருடம் முடித்த எல்லோருக்கும் அங்கே விலக்கு.

பிட்ஸ்பர்க் பாண்டி · 11 பிப்ரவரி 2026

எங்கள் பென்சில்வேனியாவையும் சொல்லுங்கள். பென்ஷனுக்கு வரி இல்லை. வேலையில் இருப்பவர் மாநிலத்துக்கு வெளியே மத்திய அரசின் ஆர்டரில் பணியாற்றினால் அந்தச் சம்பளத்துக்கும் இல்லை. நான் தேசியக் காவல் படையில் இருக்கிறேன். மாதம் ஒரு வார இறுதி இங்கேயே போடும் டிரில்லுக்கு வரி உண்டு, வெளிநாட்டுக்கு அனுப்பினால் இல்லை. ஒரே ஆண்டில் இரண்டும் வந்தால் டபிள்யூ-2 சம்பளச் சான்றில் எது எது என்று நாமே பிரித்துக் காட்ட வேண்டும், ஆர்டரின் நகலையும் இணைக்க வேண்டும்.

வரிக்குதிரை · 12 பிப்ரவரி 2026

சரி, கடலூர்த் தம்பியின் மூன்றாவது கேள்வி. என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், மற்றவர்கள் மறுக்கலாம்.

சிறந்த பத்து மாநிலங்கள் என்று வரும் பட்டியல்கள் எல்லாம் பென்ஷனை மட்டும் பார்க்கின்றன. நீங்கள் வெளியே வரும்போது நாற்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. அதற்குப் பின் இன்னும் இருபது வருடம் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பீர்கள், மனைவியும் பார்ப்பார். வர்ஜீனியா 2025 முதல் ராணுவப் பென்ஷனில் 40,000 டாலர் வரை கழித்துக்கொள்ள விடுகிறது. 55 வயதாக வேண்டும் என்ற நிபந்தனையையும் 2024இல் எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான சார்ஜண்டுகளின் பென்ஷன் அதற்குள் அடங்கிவிடும். அதாவது பென்ஷன் கணக்கில் வர்ஜீனியாவும் டெக்சாஸும் உங்களுக்குச் சமம்.

வித்தியாசம் வருவது இரண்டாவது வேலையின் சம்பளத்தில். அங்கே வர்ஜீனியாவின் உச்ச விகிதம் 5.75 விழுக்காடு. டெக்சாஸில் அது இல்லை, ஆனால் வீட்டு வரி கனமாக இருக்கும். பெல்வாரைச் சுற்றி செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி) உள்ளவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் வேறு ஊரில் கிடைக்குமா என்பது வரியைவிடப் பெரிய கேள்வி. ஊனத்துக்காக விஏ தரும் தொகைக்கு எந்த மாநிலத்திலும் வரி இல்லை, அதைக் கணக்கிலேயே கொண்டுவர வேண்டாம். போகிற ஊரில் என்ன வேலை, பிள்ளைகளுக்கு என்ன பள்ளி, வீடு என்ன விலை என்று பார்த்துவிட்டு, கடைசியில் பென்ஷன் விலக்கைப் பாருங்கள்.

சான் ஆண்டோனியோ தாத்தா · 12 பிப்ரவரி 2026

கடைசியில் டெக்சாஸைக் கவிழ்த்துவிட்டாயே வரிக்குதிரை! இருந்தாலும் ஹெச்.இ.பி. கடையில் கிடைக்கும் வெண்டைக்காய்க்கு ஈடு வர்ஜீனியாவில் உண்டா என்று கேட்டுச் சொல்.

கடலூர்க்காரன் · 20 பிப்ரவரி 2026

எல்லோருக்கும் நன்றி. தளத்தில் உள்ள சட்ட உதவி அலுவலகத்தில் நேரம் வாங்கி, வாடகை ஒப்பந்தங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். வரிக்குதிரை அண்ணா சொன்னதையே சொன்னார்கள். 2022, 2023, 2024 மூன்று வருடத்துக்கும் வசிக்காதவர் படிவத்தில் திருத்தக் கணக்கு போடுகிறோம். 2022ஐ முதலில் அனுப்பிவிட்டேன், பதிவுத் தபாலில். டிடி 2058-1 கொடுத்தாயிற்று. மனைவிக்கு ஏற்கெனவே வாஷிங்டன் லைசென்ஸ். கார் பதிவையும் இங்கேயே மாற்றிவிட்டோம். ஓய்வுக்குப் பின் இந்தப் பக்கமே திரும்பி வரலாம் என்று இருவருக்கும் ஆசை இருப்பதால் என் டொமிசைலையும் வாஷிங்டனுக்கு மாற்றுகிறேன்.

மனைவியின் கம்பெனிக்கு மெயில் போட்டோம். வர்ஜீனியாவில் உட்கார்ந்து வேலை செய்தால் வர்ஜீனியா வரி பிடித்தே ஆக வேண்டும், வேறு எதுவும் எங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்திருக்கிறது. என்ன செய்வது?

கப்பல்காரர் மனைவி · 20 பிப்ரவரி 2026

என் கம்பெனியிலும் முதல் பதில் இதேதான். சண்டை போட வேண்டாம். ஜூலையில் போனதும் விஏ-4 படிவத்தை இறக்கிக்கொள்ளுங்கள். அது வர்ஜீனியாவின் பிடித்தப் படிவம், பெயரைப் பார்த்து விஏ அலுவலகத்துப் படிவம் என்று நினைத்துவிடாதீர்கள். ராணுவத் துணைவர் என்ற அடிப்படையில் விலக்கு கேட்கத் தனிக் கட்டம் இருக்கும், அதில் டிக் அடித்து, மனைவியின் ராணுவக் குடும்ப அடையாள அட்டை நகலை இணைத்துக் கொடுங்கள். படிவம் கைக்கு வந்தால் சம்பளப் பிரிவுக்குத் தைரியம் வந்துவிடும், ஏனென்றால் கையெழுத்து நம்முடையது. அப்படியும் பிடித்தால் விட்டுவிடுங்கள், அடுத்த வருடம் வர்ஜீனியாவில் வசிக்காதவராகத் தாக்கல் செய்து முழுவதையும் திரும்ப வாங்கலாம். எனக்கு ஒரு வருடம் அப்படித்தான் வந்தது.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். வாரக்கடைசியில் நீங்கள் ஊபர் ஓட்டினாலோ வேறு வெளி வேலை பார்த்தாலோ அந்த வருமானத்துக்கு வர்ஜீனியாவின் வரி உண்டு. நிவாரணச் சட்டம் காப்பது உங்கள் ராணுவச் சம்பளத்தை மட்டும்தான்.

கடலூர்க்காரன் · 20 பிப்ரவரி 2026

ஊபர் ஓட்ட நேரம் எங்கே அக்கா. படிவத்தைக் குறித்துக்கொண்டேன். நியூ ஜெர்சியிலிருந்து பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.